வலி நின்ற பிறகு எடுக்காமல் விட்ட ஸ்கேன்

2022 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். பத்தாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். இடது பக்க முதுகில் ஆரம்பித்த வலி அடிவயிறு வரை இழுத்துக்கொண்டு போனது. சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே மேசையில் சாய்ந்துவிட்டேன். இரண்டு பிள்ளைகளைச் சுகப்பிரசவத்தில் பெற்றவள் நான். அதைவிட இது மோசம் என்று தயங்காமல் சொல்வேன். காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. விருதுநகர் வெயிலில், காலை எட்டரைக்குக் குடிக்கும் ஒரு தம்ளர் தண்ணீரோடு மாலை நாலரை வரை ஓட்டுகிற ஆள் நான். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து பதினாறு வருடம் இப்படித்தான் ஓடியது. பெண் ஆசிரியைகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அன்று மாலையே ஸ்கேன் எடுத்தேன். இடது சிறுநீர்க் குழாயின் மேல்பகுதியில் 8 மில்லிமீட்டர் கல். சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் மதுரையில் ஒரு சிறுநீரக அறுவை மருத்துவரைப் பார்த்தேன். அறைக்குள் நான் இருந்தது நான்கு நிமிடம் இருக்கும். "எட்டு மில்லி தானா விழுறது கஷ்டம்மா. மாத்திரை தர்றேன், ரெண்டு மூணு வாரம் பார்ப்போம். விழலைன்னா லேசர்ல எடுத்துடலாம். அறுபதாயிரம் கிட்ட ஆகும். ஒண்ணுக்குப் போறப்ப வடிகட்டிப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி என்பது பதினொரு மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு என் காதில் விழுந்தது 'லேசர்', 'அறுபதாயிரம்' என்ற இரண்டு சொற்கள் மட்டும். கணவர் மஸ்கட்டில். வீட்டில் வயதான அம்மா, ஒன்பதாவதும் பதினொன்றாவதும் படிக்கிற பிள்ளைகள். நான் படுத்தால் யார் பார்ப்பது என்ற ஒரே நினைப்புத்தான்.

ஓய்வறையில் ஒரு சக ஆசிரியை, "எங்க அண்ணனுக்கு ஹோமியோவில கரைஞ்சிருச்சு டீச்சர்" என்று ஒரு மருத்துவரைச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு ஹோமியோபதி புதிதும் இல்லை. அம்மா பல வருடமாக மூக்கொழுகலுக்கு அந்தச் சீனி உருண்டைகளைத்தான் சாப்பிடுகிறார். சனிக்கிழமை மதுரைக்குப் பஸ் ஏறினேன். அந்த மருத்துவர் போலி இல்லை. முறையாக ஐந்தரை வருடம் பி.எச்.எம்.எஸ். என்ற ஹோமியோபதிப் பட்டப்படிப்பு படித்தவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னிடம் பேசினார். வலி எந்த நேரத்தில் வருகிறது, எந்தப் பக்கம் படுத்தால் குறைகிறது, இனிப்பு பிடிக்குமா, கோபம் வந்தால் அழுவேனா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், கணவர் வெளிநாடு போன பிறகு ஒரு மணி நேரம் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பாதி வலி அந்த நாற்காலியிலேயே போய்விட்டது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. நான்கு நிமிட மருத்துவருக்கும் ஒரு மணி நேர மருத்துவருக்கும் நடுவே மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை அனுபவித்தவளாகச் சொல்கிறேன்.

அப்புறம் அந்தக் கோப்பு. சிவப்பு அட்டை போட்ட தடிமனான கோப்பு ஒன்றை என் பக்கம் தள்ளினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நோயாளி. '32 வயது ஆண், 6 மி.மீ. கல், 40 நாளில் வெளியேறியது' என்பது மாதிரி. முன் எடுத்த ஸ்கேன், பின் எடுத்த ஸ்கேன் இரண்டையும் ஸ்டேப்ளர் அடித்து வைத்திருந்தார். நாற்பது பக்கமாவது இருக்கும். பின்னால், மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிக் கவுன்சில் சிறுநீர்க் கல் பற்றிப் பல ஊர்களில் நடத்திய ஆய்வுக் கட்டுரையின் நகல். அரசாங்கமே ஆராய்ச்சி செய்து வெளியிட்டிருக்கிறது, கண்ணெதிரே நாற்பது பேர் குணமாகியிருக்கிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்றே மருந்து வாங்கினேன். மதுரை சிறுநீரக மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டேன். அதை நிறுத்தச் சொன்னது யார் என்று பின்னால் பலர் கேட்டார்கள். 'ரெண்டையும் சேர்த்தா எது வேலை செய்யுதுன்னு தெரியாதே' என்றுதான் ஹோமியோபதி மருத்துவர் சொன்னார். நிறுத்தியது நான்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். நாற்பது பேர் குணமானார்கள் என்பது பொய் இல்லை. அந்த ஸ்கேன்களும் பொய் இல்லை. நான் கேட்கத் தவறியது, இந்த மருத்துவரிடம் கல்லோடு வந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பதை. நிகழ்தகவு பாடம் நடத்துகிறவள், பின்னத்தில் பகுதி எண்ணைக் கேட்காமல் தொகுதி எண்ணைப் பார்த்து அசந்துபோனேன். சிறுநீர்க் குழாயில் இருக்கும் கற்களைப் பற்றி அமெரிக்க, ஐரோப்பிய சிறுநீரக மருத்துவச் சங்கங்கள் 2007-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி ஒன்று உண்டு. 5 மி.மீ. வரை உள்ள கற்களில் 68 சதவீதமும், 5 முதல் 10 மி.மீ. வரை உள்ளவற்றில் 47 சதவீதமும் தானாகவே வெளியேறிவிடும் என்பது அதில் உள்ள கணக்கு. அதாவது நூறு பேருக்கு வாழைத்தண்டுச் சாறு கொடுத்தாலும், சீனி உருண்டை கொடுத்தாலும், ஒன்றுமே கொடுக்காமல் விட்டாலும், பாதிப் பேரின் 'பின் ஸ்கேன்' சுத்தமாகத்தான் வரும். அவர்களை மட்டும் எடுத்துக் கோத்தால் ஒரு வருடத்தில் சிவப்புக் கோப்பு நிறைந்துவிடும். யார் கோத்தாலும் நிறையும். மருத்துவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆகவே எந்த மருத்துவ முறையானாலும் சரி, 'இதோ பாருங்கள் கேஸ் ஸ்டடி' என்று யாராவது காட்டினால், கல் எத்தனை மில்லி, எந்த இடத்தில் இருந்தது, கூடவே வேறு மாத்திரை சாப்பிட்டாரா, பின் ஸ்கேன் என்று எடுத்தது என்று கேளுங்கள். கடைசியாக, 'சரியாகாதவர்கள் கோப்பு எங்கே டாக்டர்?' என்று கேளுங்கள். அப்படி ஒன்று வைத்திருக்கிற மருத்துவரிடம் தைரியமாக உட்காரலாம்.

கதைக்கு வருகிறேன். ஒரு பாட்டிலில் சொட்டு மருந்து, இரண்டு சின்னக் குப்பியில் உருண்டைகள். குப்பி மூடியில் 1, 2 என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்தின் பெயர் இல்லை. கேட்டதற்கு, "பேர் தெரிஞ்சா போன்ல தேடிக் குழம்பிடுவீங்க டீச்சர்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, மருந்து சாப்பிடும் முன்னும் பின்னும் அரை மணி நேரம் வாயில் எதுவும் போடக் கூடாது. முதல் வாரம் வலி இரண்டு தடவை கடுமையாக வந்தது. போன் செய்தேன். "மருந்து வேலையை ஆரம்பிச்சிருச்சு. முதல்ல கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்" என்றார். மூன்றாவது வாரம் வலி சுத்தமாக நின்றுவிட்டது. போன் செய்தேன். "பாத்தீங்களா, மருந்து கேக்குது" என்றார். வலி கூடினாலும் மருந்தின் வேலை, குறைந்தாலும் மருந்தின் வேலை என்றால், மருந்து வேலை செய்யவில்லை என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவே இல்லை. வலி போன சந்தோஷத்தில் பிள்ளைகளுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன்.

இத்தனைக்கும் ஒரு சாட்சி என் கையிலேயே இருந்தது. அந்த நான்கு நிமிட மருத்துவர் சொன்னபடி, பழைய டீ வடிகட்டி ஒன்றைக் குளியலறையில் மாட்டிவைத்து மூன்று வாரம் வடிகட்டினேன். ஒரு மணல்கூட வரவில்லை. 8 மில்லி கல் உடம்பை விட்டுப் போயிருந்தால் ஏதாவது வந்திருக்க வேண்டுமே என்று யோசிக்கவில்லை. 'கரைந்துவிட்டது' என்ற சொல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. பின்னால் தெரிந்துகொண்டேன்: நம்மில் பெரும்பாலோருக்கு வருவது கால்சியம் ஆக்சலேட் கல். அதைக் கரைக்கிற மருந்து எந்த மருத்துவத்திலும் கிடையாது. யூரிக் அமிலக் கல் வேறு. சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து அதைக் கரைக்க முடியும். எது என்ன கல் என்று தெரியாமலே நான் 'கரைந்தது, கரைந்தது' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆகஸ்ட் மாதம் ஒருமுறை, "ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "வலியே இல்லையே, எதுக்கு வீண் செலவு? நோயாளியைத்தான் பாக்கணும், ஸ்கேனைப் பாக்கக் கூடாது" என்றார். கேட்க அழகாகத்தான் இருந்தது. ஜனவரி வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போனேன், மொத்தம் ஒன்பது தடவை. அப்புறம் பொதுத்தேர்வு வேலை, செய்முறைத் தேர்வு என்று போக முடியவில்லை. வலியும் இல்லை. அவரும் கூப்பிடவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

2023 மே மாதம், மாதவிடாய்த் தொல்லைக்காக உள்ளூரில் வயிற்று ஸ்கேன் எடுக்கப் போனேன். ஸ்கேன் எடுத்த பெண்மணி கருவியை இடது பக்கம் கொண்டுபோனார். அங்கேயே நிறுத்திக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. "இந்தக் கிட்னிக்கு ஏற்கனவே ஏதாவது வைத்தியம் பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பின்னால் சிறுநீர் தேங்கித் தேங்கி, சிறுநீரகம் ஊதிப்போய், அதன் சதை மெலிந்துவிட்டது. சி.டி. ஸ்கேனில் கல் 9 மி.மீ. அடுத்து டி.டி.பி.ஏ. என்ற ஸ்கேன். கையில் மருந்து ஏற்றி, எந்தச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பார்கள். மொத்த வேலையில் வலது சிறுநீரகம் 81 சதவீதம், இடது 19. ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, 1.0. ஒழுங்காகவே இருந்தது! ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று அதன் சுமையையும் சேர்த்துத் தூக்கிவிடுமாம். ஆகவே 'கிரியாட்டினின் நார்மல்' என்பதை வைத்தும் நிம்மதி அடைய முடியாது.

அதே நான்கு நிமிட மருத்துவரிடம்தான் மறுபடி போனேன். இந்த முறை இருபது நிமிடம் கொடுத்தார். நான் அழுததால் இருக்கலாம். வலி ஏன் நின்றது என்று கேட்டேன். கல் திடீரென்று அடைக்கும்போது சிறுநீரகம் சட்டென்று விரிவடைவதால்தான் அந்த உயிர் போகும் வலி. அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் சிறுநீர் உண்டாக்குவதையே குறைத்துக்கொள்ளும், உள்ளே அழுத்தமும் தணிந்துவிடும், வலியும் அடங்கும். கல் அசையாமல் அப்படியே இருக்கும். "வலி நின்னுச்சுன்னா ரெண்டு அர்த்தம்மா. கல்லு போயிருக்கலாம், இல்லை கிட்னி போய்க்கிட்டிருக்கலாம். எதுன்னு ஸ்கேன்தான் சொல்லும்." இந்த ஒரு வாக்கியத்தை 2022 ஜூனில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் என்று எத்தனை இரவு நினைத்திருக்கிறேன். சிறுநீர்க் குழாயில் கல் இருக்கிறவர்கள் தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், நான்காவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் மறுபடி ஒரு ஸ்கேன். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்தத் தேதியை மருந்து தொடங்குகிற அன்றே காலண்டரில் எழுதிவிடுங்கள். காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால் அந்தத் தேதிக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடைப்புக்குப் பின்னால் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. எனக்கு அது நடக்காமல் போனது வெறும் அதிர்ஷ்டம்.

முதலில் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்து அடைப்பை விடுவித்தார்கள். ஆறு வாரம் கழித்து லேசரில் கல்லை உடைத்து எடுத்தார்கள். அந்த ஆறு வாரத்தைப் பற்றி நிறைய எழுதப் பிடிக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போக வேண்டும் போல இருக்கும், போனால் எரிச்சல், சில நாள் ரத்தம். விடுப்பு 31 நாள். செலவையும் சொல்லிவிடுகிறேன். ஹோமியோபதிக்குப் பார்க்கும் கட்டணமும் மருந்தும் சேர்த்து 12,600 ரூபாய். பஸ் காசு தனி. ஸ்கேன், சி.டி., டி.டி.பி.ஏ. இரண்டு தடவை என்று 16,700. இரண்டு முறை மருத்துவமனையில் சேர்ந்ததில் காப்பீடு போக என் கையிலிருந்து 46,000. ஆக 75,300. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், முதல் தடவையே லேசர் செய்திருந்தாலும் என் காப்பீட்டில் ஒரு பகுதி கிடைத்திருக்கும். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், அட்டை பீரோவில் சேலைக்கு அடியில் கிடக்கிறது, அறுபதாயிரம் என்றதும் அதை எடுத்து விசாரிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. செலவுக்குப் பயந்து வேறு வைத்தியம் தேடுகிறவர்கள் முதலில் தங்கள் காப்பீட்டு எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள்.

ஸ்டென்ட்டோடு படுத்திருந்த நாட்களில், நான் முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். படித்தேன். முதலில் என் மருந்துகளின் பெயரைக் கேட்டு வாங்கினேன். சொட்டு மருந்து பெர்பெரிஸ் வல்காரிஸ் தாய்த் திரவம், உருண்டைகளில் ஒன்று லைகோபோடியம் 200, இன்னொன்று காந்தாரிஸ் 30. தாய்த் திரவம் என்பது நீர்க்காத செடிச் சாறும் ஆல்கஹாலும். அதில் சரக்கு இருக்கிறது. மற்றதைக் கணக்கு டீச்சராகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு நூறு என்ற விகிதத்தில் முப்பது முறை நீர்த்தால் 30. அதாவது ஒன்று போட்டு அறுபது சைபர். பன்னிரண்டாவது படியைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவது அரிது என்பது என் மகனின் பதினொன்றாம் வகுப்பு அவகாட்ரோ எண் கணக்கு. 200 என்றால் ஒன்றுக்குப் பின் நானூறு சைபர். அடுக்குக்குறி விதிகளை வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிற கை, ஒன்பது தடவை அந்தக் குப்பியை வாங்கிப் பையில் போட்டிருக்கிறது.

சரி, கணக்கு எப்படியிருந்தாலும் ஆய்வில் பலன் தெரிந்தால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதானே என்று ஆய்வுகளுக்குப் போனேன். சிவப்புக் கோப்பின் பின்னால் இருந்த கவுன்சில் கட்டுரையின் தலைப்பிலேயே 'நோக்காய்வு' என்று இருக்கிறது. மருந்து கொடுத்து என்ன ஆகிறது என்று பார்ப்பது. மருந்து கொடுக்காத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிடுவது அதில் இல்லை. தானாகவே பாதி விழுந்துவிடுகிற கல் விஷயத்தில் ஒப்பீடு இல்லாத ஆய்வை வைத்து என்ன முடிவுக்கு வருவது? ஒப்பீட்டோடு செய்த ஆய்வுகளும் இருக்கின்றன, நூற்றுக்கணக்கில். ஹோமியோபதி ஆதரவாளர்கள் எப்போதும் காட்டுவது 1997-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு. 89 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பலன் முழுவதும் வெற்று மருந்தின் (உள்ளே சரக்கே இல்லாத மாத்திரையின்) விளைவு என்று சொல்லிவிட முடியாது என்றது அது. ஆனால் அதே கட்டுரை, எந்த ஒரு தனி நோய்க்கும் போதிய சான்று இல்லை என்றும் சொல்கிறது. அந்த வரியை யாரும் காட்டுவதில்லை. இரண்டு வருடம் கழித்து அதே ஆய்வாளர்கள், ஆய்வின் தரம் கூடக்கூடப் பலன் சுருங்குகிறது என்று எழுதினார்கள். 2005-ல் அதே லான்செட்டில், 110 ஹோமியோபதி ஆய்வுகளையும் 110 நவீன மருத்துவ ஆய்வுகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். பெரிய, தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது ஹோமியோபதியின் பலன் வெற்று மருந்தின் அளவுக்கு வந்துவிட்டது. 2015-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 61 நோய்நிலைகளில் 176 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, நம்பத்தக்க சான்று எந்த நோய்க்கும் இல்லை என்று முடித்தது. அந்த அறிக்கையின் முறைமீது ஹோமியோபதியர்களுக்குக் கடும் ஆட்சேபம் உண்டு. அதையும் படித்தேன். என் கல்லுக்கு அதில் பதில் இல்லை.

என்னை அதிகம் உலுக்கியது 2022-ல் வந்த ஒரு கட்டுரை. ஆய்வு தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்துவிட வேண்டும் என்பது நடைமுறை. அப்போதுதான் முடிவு பிடிக்காவிட்டால் அமுக்கிவிட முடியாது. பதிந்த ஹோமியோபதி ஆய்வுகளில் ஏறக்குறைய 38 சதவீதம் வெளியிடப்படவே இல்லை, வெளியானவற்றில் 53 சதவீதம் பதியப்படவே இல்லை என்று கண்டிருக்கிறார்கள். சிவப்புக் கோப்பின் கதைதான், உலக அளவில். அமுக்குவது நவீன மருந்துக் கம்பெனிகளும் செய்கிற வேலைதான், அதில் சந்தேகமில்லை. அதற்காகத்தான் பதிவேடே வந்தது. நம் நாட்டிலும் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007-லிருந்து இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று உங்களிடம் சொன்னால், பதிவு எண்ணைக் கேளுங்கள். அதில் ஆய்வு தொடங்கிய தேதியும் பதிந்த தேதியும் இருக்கும். பதிந்தது பின்னால் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். இன்னொன்று, சிறுநீரகக் கல்லைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் கல்லும் இருக்கிறது. கத்தியின்றிக் கல் கரையும் என்று பலகை பார்த்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது கிடைத்த இன்னொரு கதை மனதில் ஒட்டிக்கொண்டது. ஹோமியோபதியை உண்டாக்கிய ஹானிமன் நோயாளிக் குறிப்புகளை நோட்டுநோட்டாக எழுதி வைத்தவர். ஐம்பதுக்கு மேற்பட்ட நோட்டுகள் ஜெர்மனியில் இன்றும் இருக்கின்றன. ஆனால் தன் மருந்து நூலில் மாதிரிக்கென்று அவர் வெளியிட்டது இரண்டே இரண்டு பேரின் கதையை. அதில் ஒருத்தி, 1815 செப்டம்பரில் வயிற்று வலியோடு வந்த சலவைத் தொழிலாளி. மருந்து கொடுத்து, இரண்டு நாளில் வரச் சொல்கிறார். அவள் வரவில்லை. கூட இருந்த நண்பருக்குச் சந்தேகம். ஹானிமன் அவளுடைய பெயரையும் ஊரையும் சொல்லி, நீயே போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்புகிறார். நண்பர் தேடிப் போய்க் கேட்டால், மறுநாளே சரியாகிவிட்டது, வேலையை விட்டுவிட்டு எங்கே வருவது என்கிறாள். அவளுக்கு எதனால் சரியானது என்பது வேறு பேச்சு. வராதவளைத் தேடி ஓர் ஆள் போனாரே, அதுதான் எனக்குப் பட்டது.

ஏன் பட்டது என்றால், 2023 அக்டோபரில் நான் அந்த ஹோமியோபதி மருத்துவரைப் பார்க்கப் போனேன். சண்டை போடப் போகவில்லை என்று இப்போது சொல்கிறேன். அன்று பஸ்ஸில் போகும்போது முழுக்கச் சண்டைதான் போட்டுக்கொண்டு போனேன். டி.டி.பி.ஏ. படத்தை மேசையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். "நீங்க தொடர்ந்து வந்திருக்கணும் டீச்சர்" என்றார். நான் சிவப்புக் கோப்பைக் கேட்டேன். தயங்கித்தான் கொடுத்தார். கடைசியிலிருந்து புரட்டினேன், ஏழாவதோ எட்டாவதோ பக்கம். '41 வயதுப் பெண், ஆசிரியை. இடது சிறுநீர்க் குழாயில் 8 மி.மீ. கல். மூன்று வாரத்தில் வலி முற்றிலும் நீங்கியது. ஏழு மாதம் வலி இல்லை. அதன்பின் வரவில்லை, குணம்.' முன் ஸ்கேன் மட்டும் ஸ்டேப்ளர் அடித்திருந்தது. பின் ஸ்கேன் இருக்க வேண்டிய இடம் காலி.

அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் என்னைப்போல மருந்து வாங்கிப் போனார்களோ. கைப்பையில் விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனா எப்போதும் இருக்கும். எடுத்து, 'குணம்' என்ற சொல்லை அடித்தேன். கீழே, 'ஸ்கேன் எடுக்கவில்லை. 2023 மே: கல் அதே இடத்தில், 9 மி.மீ. இடது சிறுநீரகம் 19%. லேசர் சிகிச்சைக்குப் பின், செப்டம்பர்: 23%' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். டி.டி.பி.ஏ. அறிக்கையின் நகலை அவரிடம் கொடுத்து, அந்தக் காலி இடத்தில் அடிக்கச் சொன்னேன். அவர் ஸ்டேப்ளரைத் தேடினார். மேசை இழுப்பறையில்தான் இருந்தது.